பைத்தான் 3.8-க்கு விடைகொடுத்த எட்டு மாதங்கள்

நாங்கள் மூவர் சேர்ந்து பராமரிக்கும் ஒரு சிறிய பைத்தான் நூலகத்தில் (பைத்தான் நிரலாக்க மொழியில் பிறர் தங்கள் நிரல்களில் சேர்த்துக்கொள்ளும் நிரல் தொகுப்பில்), பைத்தானின் 3.8 பதிப்புக்கான ஆதரவை எப்போது நிறுத்துவது என்ற கேள்வி 2024-இன் தொடக்கத்தில் எழுந்தது. ஒரு பங்களிப்பாளர், சரத்தின் (எழுத்துத் தொடரின்) முன்னொட்டை நீக்குவதற்கு ‘ரிமூவ்பிரிஃபிக்ஸ்’ என்ற முறையைப் பயன்படுத்தி ஒரு திருத்தம் அனுப்பியிருந்தார். அது 3.9-இல்தான் மொழிக்குள் வந்தது என்பதால் 3.8-க்கான சோதனைகள் தோற்றன. அந்த ஒற்றை வரியை, முன்னொட்டு இருக்கிறதா என்று பார்த்து, அதன் நீளத்தைக் கணக்கிட்டு, மிச்சத்தை வெட்டியெடுக்கும் நான்கு வரிகளாக மாற்றித் தரும்படி கேட்டேன். அவர் மறுப்பின்றி மாற்றித் தந்தார். ஆனால் நல்ல நிரலை மோசமாக்கித் தரும்படி ஒருவரிடம் கேட்டது எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

முதலில் மற்றவர்கள் பின்பற்றும் விதிகளைப் பார்த்தோம். பைத்தானின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆதரவு உண்டு. 2019 அக்டோபரில் வந்த 3.8-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 அக்டோபருடன் நிற்கவிருந்தன. எண் கணிப்புக்கான நூலகமான நம்பை திட்டமோ, வெளிவந்து 42 மாதங்கள் ஆன பதிப்பைக் கைவிடலாம் என்று 2019-இலேயே வகுத்துக்கொண்டது. அந்தக் கணக்கில் 3.8-இன் காலம் 2023 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. அவ்வாண்டு ஜூனில் வந்த நம்பை 1.25-க்கு 3.9 தேவைப்பட்டது. எங்களில் ஒருவர் இதையே நாமும் பின்பற்றலாம் என்றார். எனக்கு அதில் உடன்பாடில்லை. அறிவியல் கணிப்பில் இருப்பவர்கள் தங்களுக்கென்று தனிச் சூழலை அமைத்து, வேண்டிய பதிப்பை நிறுவிக்கொள்வார்கள். எங்கள் பயனர்களில் பலர் சர்வர்களை நிர்வகிப்பவர்கள். இயங்குதளத்துடன் வரும் பைத்தானையே நம்பியிருப்பவர்கள். உபுண்டு 20.04 இயங்குதளத்துடன் வருவது 3.8, அதன் வழக்கமான ஆதரவு 2025 மே மாதம் வரை இருந்தது.

பதிவிறக்க எண்ணிக்கையை வைத்து முடிவெடுக்கலாம் என்றும் முயன்றோம். அது உதவவில்லை. ஒவ்வொரு முறை சோதனை ஓடும்போதும் புதிதாகப் பதிவிறக்கும் ஒரு தானியங்கி இயந்திரம் ஆயிரம் பேரைப் போலத் தெரியும். ஒரு முறை நிறுவிவிட்டு இரண்டு ஆண்டுகள் அமைதியாகப் பயன்படுத்தும் நிறுவனம் ஒரே ஒரு பதிவிறக்கமாகத்தான் தெரியும்.

இந்த விவாதம் முடியும் முன்பே ஒரு தவறு செய்தோம். சோதனைகள் விரைவாக முடியட்டும் என்று 3.8-ஐச் சோதனைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம், ஆனால் ‘3.7 அல்லது அதற்கு மேல்’ என்று, எந்தப் பைத்தான் பதிப்பு தேவை என்பதைச் சொல்லும் தொகுப்பின் மெட்டாடேட்டாவில் (விவரக்குறிப்பில்) இருந்த வரியை யாரும் தொடவில்லை. அடுத்த வெளியீட்டில் வேறொரு திருத்தத்தின் வழியாக அதே ‘ரிமூவ்பிரிஃபிக்ஸ்’ உள்ளே வந்தது. 3.8-இல் இயங்கிய ஒருவரிடம் அந்த வெளியீடு சிக்கலின்றி நிறுவப்பட்டது, இம்போர்ட்டும் ஆனது, அதாவது அவருடைய நிரலுக்குள் ஏற்றப்பட்டது. இலக்கணப் பிழையாக இருந்திருந்தால் ஏற்றும்போதே தெரிந்திருக்கும். இல்லாத ஒரு முறையை அழைப்பது அந்த வரி இயங்கும்போதுதான் தெரியும். அவருடைய இரவுநேரப் பணி பாதியில் நின்றது.

சரியான மெட்டாடேட்டாவுடன் புதிய வெளியீடு ஒன்றைக் கொடுத்தால் போதும் என்றே முதலில் நினைத்தேன். உண்மையில் அது போதாது. பைத்தான் தொகுப்புகளை நிறுவும் கருவியான பிப், 2016-இல் வந்த அதன் 9-ஆம் பதிப்பு முதல், அந்த வரியைப் படித்து, தன் பைத்தானுக்குப் பொருந்தும் கடைசி வெளியீட்டைத் தேர்ந்தெடுக்கிறது. புதிய வெளியீட்டை அது தவிர்த்துவிடும், ஆனால் ‘3.7 அல்லது அதற்கு மேல்’ என்று பொய் சொல்லும் பழுதான வெளியீட்டில் போய் நிற்கும். எனவே அதை ‘யாங்க்’ செய்தோம், அதாவது திரும்பப் பெற்றதாகக் குறித்தோம். அப்படிச் செய்தால், சரியாக அந்த எண்ணையே குறிப்பிட்டு வைத்திருப்பவர்களைத் தவிர வேறு யாருக்கும் பிப் அதைக் கொடுக்காது. அதற்குப் பின்தான் 3.8 பயனர்கள் முந்தைய நல்ல வெளியீட்டுக்குத் திரும்பினார்கள்.

இந்த நிகழ்வு எங்கள் விவாதத்தின் போக்கையே மாற்றியது. எந்த நாளில் நிறுத்துவது என்பதைவிட, நிறுத்திய பின் பழைய பதிப்பில் இருப்பவர் கையில் இயங்கும் ஒன்று இருக்கிறதா என்பதே முக்கியம் என்று மூவரும் ஒப்புக்கொண்டோம். 2024 அக்டோபரில், மெட்டாடேட்டாவை மாற்றுவதையும் சோதனைப் பட்டியலை மாற்றுவதையும் ஒரே திருத்தத்தில் செய்து, 3.9-ஐக் குறைந்தபட்சமாக்கினோம். புதிய வசதிகள் எதுவும் அந்த வெளியீட்டில் இல்லை. ஆதரவை நிறுத்துவது மட்டுமே அதன் வேலை. 3.8-இல் இயங்கும் கடைசி வெளியீட்டுக்கு ஒரு தனிக் கிளை அமைத்து, உபுண்டு 20.04-இன் ஆதரவு முடியும் 2025 மே வரை கடுமையான வழுக்களை மட்டும் அதில் திருத்துவதாக அறிவித்தோம்.

அந்த ஏழு மாதங்களில் அந்தக் கிளைக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு திருத்தம். அதற்கு ஒரு மாலைப் பொழுது போதுமானதாக இருந்தது. அந்த நான்கு வரிகளை நீக்கி ‘ரிமூவ்பிரிஃபிக்ஸ்’ஐத் திரும்பச் சேர்க்கும் பணியை, முதலில் அதை எழுதிய பங்களிப்பாளரிடமே கேட்டோம், அவர் அன்றே அனுப்பிவைத்தார்.