ஒட்டடை அடிக்காத ஆலை

பால் பதனிடும் ஆலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். மூலையில் ஓர் ஒட்டடை தெரிந்தால் ஷிப்ட் பொறுப்பாளரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்ட ஆள். ஜன்னல் ஒரு விரற்கடை திறந்திருந்தாலும் பதிவேட்டில் எழுதிவைத்த ஆள். அப்படிப்பட்டவனைக் கொண்டுபோய், உத்தரமெல்லாம் சிலந்தி வலை தொங்கும் ஒரு பரணில் நிறுத்தி, "இவற்றை யாரும் கலைக்கக் கூடாது, இவையும் எங்கள் வேலையாட்கள்தாம்" என்று ஒரு பெண்மணி சொன்னார். பிரஸ்ஸல்ஸில், கான்தியோன் என்ற பீர் ஆலையில். பெயரைக் கேட்டதும் என் மனைவி, "காந்தி பெயரிலா சாராயம் காய்ச்சுகிறார்கள்?" என்றாள். அந்த ஆலையைத் தொடங்கிய குடும்பத்தின் பெயர் அது என்று மகள் விளக்க வேண்டியிருந்தது.

மகள் பெல்ஜியத்தில் லூவன் என்ற ஊரில் வேலையில் இருக்கிறாள். சென்ற ஆண்டு கோடையில் ஒரு முறை, இந்த ஆண்டு பிப்ரவரி கடைசியில் ஒரு முறை என்று போய்வந்தோம். எனக்குத் தேவாலயங்கள் மூன்றுக்கு மேல் தாங்காது. ஆலை என்றால் எத்தனை வேண்டுமானாலும் பார்ப்பேன். குடிப்பதில் பெரிய ஆர்வம் கிடையாது, இரண்டு வாய் ருசி பார்ப்பதோடு சரி. மனைவி வாசம் பார்ப்பதோடு சரி. ஆகவே கடைசியில் ஊற்றித் தரும் கோப்பைக்காக நாங்கள் போகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கான்தியோனுக்கு முன்னால் வேறொரு நகரில் ஒரு பெரிய ஆலைக்குப் போனோம். பெயர் வேண்டாம். அங்கே இருட்டறையில் பெரிய திரையில் கோதுமை வயல் அசைந்தது. பிறகு உயரமான கண்ணாடிச் சுவருக்குப் பின்னாலிருந்து, ஓடாத பாட்டில் வரிசையைக் காட்டினார்கள்; அன்று ஞாயிறு. மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய தானியம், என்று ஒரு கண்ணாடிக் குடுவையில் வைத்திருந்தார்கள், மூடியைத் திறக்க முடியாது. கூட வந்த இளைஞரிடம், ஈஸ்ட் சேர்க்கும்போது எத்தனை டிகிரி என்று கேட்டேன். "அது எங்கள் ரகசியம்" என்று சிரித்தார். ரகசியம் என்றால் ரகசியம், போகட்டும். அவருக்கே தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது. அந்தக் கட்டடத்தில் மிக நீளமான அறை, பனியனும் சாவிக்கொத்தும் விற்கும் கடை. ஒரு வாசம்கூட மூக்கில் ஏறாமல் ஒரு பீர் ஆலையைச் சுற்றி வந்தோம். எங்கள் பால் ஆலைக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளைக்கூட நாங்கள் இப்படி ஏய்த்ததில்லை. ஒரு சொட்டுப் பாலை அவர்கள் கண்முன்னால் காய்ச்சித் திரிகிறதா என்றாவது காட்டுவோம்.

அந்த எரிச்சலோடுதான் மறுவாரம் பிரஸ்ஸல்ஸ் மிதி ரயில் நிலையத்தில் இறங்கினேன். அங்கிருந்து ஆண்டர்லெக்ட் பக்கம் பத்துப் பன்னிரண்டு நிமிட நடை. பெரிய மரக்கதவு. உள்ளே நுழைந்ததும் ஜூலை வெயில் வெளியே நின்றுவிட்டது. ஈரக்கல், பழைய மரம், பழம் புளித்த நெடி. மனைவி மூக்கை உறிஞ்சிவிட்டுச் சொன்னாள்: "என்னங்க, நம் வீட்டுப் பழைய சோற்றுப் பானையைத் திறந்த மாதிரி இருக்கிறதே." அவள் சொன்னது முக்கால்வாசி சரி என்று பிறகு தெரிந்தது.

அங்கே செய்வது லாம்பிக் என்ற வகை. 65 சதவீதம் மால்ட் ஆக்கிய பார்லி, 35 சதவீதம் மால்ட் ஆக்காத பச்சைக் கோதுமை. இரண்டையும் வெந்நீரில் கலந்து 45 டிகிரியிலிருந்து படிப்படியாக 72 டிகிரி வரை ஏற்றுகிறார்கள். 72 என்று கேட்டதும் எனக்குப் பழைய நண்பனைப் பார்த்த மாதிரி இருந்தது, எங்கள் பாஸ்சரைசரின் எண் அது. பிறகு சாற்றை வடித்து, பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் என்ற பூவைப் போட்டு மூன்று நான்கு மணி நேரம் கொதிக்கவிடுகிறார்கள். அந்த ஹாப்ஸும் புதியது கிடையாது, ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கிடந்து கசப்பும் மணமும் வடிந்துபோனது. சாறு கெடாமல் பார்த்துக்கொள்ளும் குணம் மட்டும் அதில் மிஞ்சியிருந்தால் போதும். சுமார் 10,000 லிட்டர் சாறு கொதித்துச் சுண்டி 7,500 லிட்டர் ஆகிறது.

இதுவரை எந்தச் சமையற்கட்டிலும் நடப்பதுதான். அதற்குப் பிறகு நடப்பதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. கொதிக்கக் கொதிக்க அந்தச் சாற்றை மாடிப் பரணுக்கு ஏற்றி, ஓர் அகலமான, ஆழமில்லாத செம்புத் தொட்டியில் ஊற்றி, கூரையின் காற்றுத் திறப்புகளைத் திறந்துவைத்துவிட்டு, எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஈஸ்ட் போடுவதில்லை. இரவு முழுதும் காற்றிலும் மரத்திலும் இருப்பவை தாமாக வந்து இறங்கும். காலையில் சாறு 18, 20 டிகிரிக்குக் குளிர்ந்திருக்கும். அதை ஓக் மரப் பீப்பாய்களுக்கு மாற்றினால், சில நாட்களில் தானே நுரைத்து வாய்வழியாகப் பொங்குகிறது.

நான் முப்பத்தோரு ஆண்டுகள் சம்பளம் வாங்கியதே இது நடக்காமல் பார்த்துக்கொள்வதற்காக. பாலை 72 டிகிரியில் பதினைந்து விநாடி வைத்து, உடனே 4 டிகிரிக்கு இறக்கி, குழாய்களைக் காஸ்டிக் சோடாவும் நைட்ரிக் அமிலமும் விட்டுக் கழுவி, இத்தனைக்குப் பிறகும் ஒரு கிருமி எங்கிருந்து வந்தது என்று இரவெல்லாம் தேடியிருக்கிறேன். இவர்கள் கதவைத் திறந்துவைத்து விருந்துக்கு அழைக்கிறார்கள். சிலந்திக்கும் இப்போது காரணம் புரிந்தது. கோடையில் பழம் சேர்த்த பீப்பாய்களைத் தேடிப் பூச்சிகள் மொய்க்கும், மருந்து அடிக்க முடியாது, சிலந்தி பிடித்துத் தின்கிறது.

வழிகாட்டியான அந்தப் பெண்மணிக்கு ஐம்பது வயது இருக்கும். பீப்பாய்கள் அடுக்கிய நீண்ட அறையில் அவரைத் தனியே பிடித்துக்கொண்டு, தொழில்காரன் கேட்கும் கேள்வி ஒன்றைக் கேட்டேன்: "இதில் நூல் விடுவது உண்டா?"

பால்காரர்களுக்குப் புரியும். சில பாக்டீரியா சேர்ந்தால் பால் திரியாது, புளிக்கவும் புளிக்காது, கொழகொழத்துப் போய்க் கரண்டியில் எடுத்தால் நூல் நூலாக இறங்கும். ஊசிப்போன சோற்றில் கை வைத்தாலும் அதே சங்கதி. எங்கள் ஆலையில் அப்படி ஆனால் ஒரு டேங்கர் பால் சாக்கடைக்குப் போகும், இரண்டு பேருக்கு விளக்கம் கேட்டு ஓலை வரும்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. உண்டு, முதல் கோடை வந்ததும் சில பீப்பாய்களில் எண்ணெய் போலத் தடித்துவிடும், நோய் பிடித்திருக்கிறது என்போம் என்றார். பெடியோகாக்கஸ் என்ற பாக்டீரியா வேலை. அதே பாக்டீரியாதான் புளிப்பையும் தருகிறது. "அப்போது என்ன செய்வீர்கள்?" என்றேன். "ஒன்றும் செய்யமாட்டோம், காத்திருப்போம்" என்றார். பிரெட்டனோமைசஸ் என்ற காட்டு ஈஸ்ட் மெதுவாகத் தலையெடுத்து, மாதக்கணக்கில் அந்தக் கொழகொழப்பைத் தின்று தீர்த்துவிடுமாம். அந்த ஈஸ்டில் ஒரு வகைக்கு இந்த ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்கள், ப்ரக்செல்லென்சிஸ் என்று.

நான் சாக்கடையில் கொட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டதை இவர்கள் மூலையில் உருட்டிவைத்துவிட்டு ஓர் ஆண்டு பொறுத்திருக்கிறார்கள். பாலுக்கு அது உதவாது என்று எனக்குத் தெரியும், பால் வேறு. இருந்தாலும் அந்தப் பீப்பாய் அறையில் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன்.

ஓர் ஆலையைச் சுற்றிப் பார்ப்பது காசுக்குத் தகுமா என்று என்னைக் கேட்டால், நான் பார்ப்பது இதைத்தான். அங்கே கெட்டுப்போவதைப் பற்றிப் பேசுகிறார்களா? நன்றாக வந்ததை எல்லோரும் சொல்வார்கள். எது தவறும், எப்போது தவறும், தவறினால் என்ன செய்வார்கள் என்று சொல்கிற இடத்தில் உண்மையாகவே வேலை நடக்கிறது. கான்தியோனில் மறைக்காமல் இன்னொன்றும் சொன்னார்கள். அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரைதான் காய்ச்ச முடியும், மற்ற மாதங்களில் இரவு போதுமான அளவு குளிராது, காற்றில் வேண்டாத கிருமிகளும் அதிகம். 2015 நவம்பரில் இரவுகள் சூடாக இருந்ததால் காய்ச்சுவதையே நிறுத்திவைக்க வேண்டி வந்தது. குளிர்பதன இயந்திரம் வாங்கினால் தீர்ந்துவிடும் பிரச்சினை அது; வாங்கினால் இது லாம்பிக்காக இருக்காது.

ஒரு கணக்கும் சொல்லவேண்டும். 1900இல் போல் கான்தியோனும் அவர் மனைவி மரி த்ரோக்கும் தொடங்கியபோது இது காய்ச்சும் இடமாகவே இல்லை. மற்ற ஆலைகளின் லாம்பிக்கை வாங்கிக் கலந்து விற்றார்கள். சொந்தமாகக் காய்ச்சத் தொடங்கியது 1930களின் இறுதியில், அதுவும் பழைய இயந்திரங்களை வாங்கிப்போட்டு. மக்கள் நாக்கு இனிப்புக்குப் பழகிப் புளித்த பீரை விட்டு விலகியபோது, பிரஸ்ஸல்ஸ் நகருக்குள் இந்த மாதிரி ஆலை இது ஒன்றே மிஞ்சியது. குடும்பத்துக்கு மருமகனாக வந்த ழான்-பியர் வான் ராய் 1978இல் ஆலையையே அருங்காட்சியகமாகத் திறந்துவிட்டார், காய்ச்சுவதை நிறுத்தாமல். இப்போது காய்ச்சுவது அவர் மகன் ழான். வாடிக்கையாளர் இருக்கும் ஆலை விளம்பரத்துக்காக ஆட்களை உள்ளே விடும்; இந்த ஆலை பிழைத்துக்கிடக்க வேண்டி விட்டது. அதனால்தானோ என்னவோ எதையும் கண்ணாடிக்குப் பின்னால் வைக்கத் தோன்றவில்லை.

கடைசியில் ருசி பார்ப்பது, டிக்கெட்டிலேயே அடக்கம். முதலில் தந்த லாம்பிக்கில் நுரையே இல்லை. எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள், பிறகு தொழுவத்தில் மழைச் சாரலில் நனைந்த வைக்கோல். எனக்குப் பிடித்திருந்தது; பக்கத்தில் நின்ற இளம் தம்பதி முகத்தைச் சுளித்தார்கள். அடுத்து கோஸ். ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டு லாம்பிக்கைக் கலந்து பாட்டிலில் அடைத்தது. இளையதில் மிஞ்சியிருக்கும் சர்க்கரை பாட்டிலுக்குள் மறுபடி நொதித்து நுரை தருகிறது. அதற்குமேல் நான் குடிக்கவில்லை.

திரும்பும் ரயிலில் மனைவி கேட்டாள், "சுண்ணாம்பு தடவாத கலயம், அவ்வளவுதானே?" பனையோ தென்னையோ, கலயத்துக்குள் சுண்ணாம்பு பூசினால் பதநீர், பூசாவிட்டால் கள். ஒரே மரம், ஒரே பாளை. அவள் தாத்தா தோப்பில் மரம் ஏறுபவர் கலயத்தைக் கழுவாமல் அப்படியே மறுபடி கட்டுவாராம், ஏனென்று கேட்டால் "கழுவினால் பொங்காது" என்பாராம். பிரஸ்ஸல்ஸ்காரர்கள் பீப்பாயையும் பரணையும் பற்றிச் சொன்ன அதே பதில். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை. டிக்கெட் வாங்கிப் பார்க்கவேண்டிய ஒன்றை நாம் ஒளிந்து பார்க்கும் காரியமாக்கி வைத்திருக்கிறோம் என்றேன். அவள் அதற்குப் பதில் சொல்லவில்லை. அவள் பக்கத்து உறவில் குடியால் போனவர்கள் இருக்கிறார்கள்.

ஜூலையில் போனதில் ஒரு குறை. செம்புத் தொட்டி காய்ந்து கிடந்தது. ஆண்டுக்கு இரண்டு முறை, நவம்பரில் ஒன்று, மார்ச்சில் ஒன்று, எல்லோரும் பார்க்க ஒரு சனிக்கிழமை காய்ச்சுவார்கள் என்று தெரிந்துகொண்டுதான் இந்த ஆண்டுப் பயணத்தைப் பிப்ரவரி கடைசிக்கு வைத்தேன். மகள், "அப்பா, என்னைப் பார்க்க வருகிறீர்களா, பீரைப் பார்க்கவா?" என்று கேட்டாள்.

அந்த மார்ச் சனிக்கிழமை விடியுமுன் போய்விட்டோம். ஆட்கள் பனிமூச்சு விட்டுக்கொண்டு வாசலில் நின்றார்கள். உள்ளே தோல் பட்டைகள் ஓட, பழைய இயந்திரம் தடதடத்தது. ஜூலையில் பொம்மை மாதிரி நின்றது இதுவா என்றிருந்தது. மாவு ஊறும் வாசம், ராகிக் களி கிண்டும்போது வருமே, அதற்குப் பக்கத்து வாசம். பிற்பகலில் பரணுக்கு ஏறினோம். சாறு தொட்டியில் இறங்க ஆரம்பித்ததும் ஆவி எழுந்து கூரை மறைந்துவிட்டது. என் கண்ணாடி வெளுத்துப்போய் ஒன்றும் தெரியவில்லை. கழற்றித் துடைத்தேன், மறுபடி வெளுத்தது. கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஆவிக்குள் வெறுங்கண்ணோடு நின்றேன். வலையெல்லாம் நீர்த்துளி கோத்து நின்றது. அந்தச் சூட்டை மெல்ல அறுத்துக்கொண்டு கூரைத் திறப்பு வழியே குளிர்காற்று வருவது கன்னத்தில் தெரிந்தது.

நீங்கள் போவதானால் குளிர்காலத்தில் போங்கள், காலணி ஈரமாகும், கம்பளிச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், உங்கள் தொழில் எதுவோ அதிலிருந்து ஒரு கேள்வியைக் கொண்டுபோங்கள்.

இதை எழுதுவது ஜூலை மூன்றாம் வாரம். நான் பார்த்த அந்த 7,500 லிட்டரும் பீப்பாய்களில் முதல் கோடையைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. ஏதாவது ஒன்றில் இந்நேரம் நூல் விட ஆரம்பித்திருக்கும்.