வேடியப்பன் கல்லில் மைப்படி எடுத்தது

எங்கள் வட்டார வரலாற்று மன்றத்தின் அருங்காட்சியகம் ஒரே ஓர் அறைதான். அதில் ஒரு நடுகல்லை, அதாவது மாண்ட வீரனின் நினைவாக நட்ட கல்லை, கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்பது மன்றத்தில் பலருடைய ஆசை. எனக்கு அதில் உடன்பாடில்லை. செங்கம், தருமபுரிப் பக்கத்து நடுகற்கள் பல இன்றும் வேடியப்பன் என்ற சாமியாகக் கும்பிடப்படுகின்றன. பொங்கல் வைக்கிற கல்லைப் பெயர்த்துவிட்டால் அந்த ஊர் தன் சாமியை இழந்துவிடும். கல் அங்கேயே நிற்கட்டும், அதன் எழுத்தைத் தாளில் மையால் ஒற்றியெடுத்த மைப்படி நம்மிடம் இருக்கட்டும் என்று சொல்லித்தான் படியெடுக்கப் பழகி வருகிறேன்.

இந்தமுறை போன கல்லில் எண்ணெயும் மஞ்சளும் தடித்துக் கிடந்தன. பிசுக்கு இருந்தால் தாள் ஒட்டாது. "குளிச்சிட்டு வந்து தொடு தம்பி, சாமி ஒண்ணும் சொல்லாது" என்ற பூசாரி ஐயா, தானே சீயக்காய் போட்டுத் தேய்த்தும் கொடுத்தார். கம்பி பிரஷ்ஷைக் கல் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

நனைத்த தாளைக் கல்மேல் விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றை வழித்துவிட்டேன். பிரஷ்ஷால் தட்டத் தட்டத் தாள் எழுத்துப் பள்ளத்துக்குள் இறங்கும். அப்புறம் காத்திருக்க வேண்டும். வேலையின் நுட்பமே அதில்தான். ஈரம் மிஞ்சினால் மை ஊறிவிடும், முழுக்கக் காய்ந்தால் தாள் கழன்றுவிடும். புறங்கையை வைத்தால் குளிர வேண்டும், நனையக் கூடாது. அந்தப் பதத்தில் துணிப்பந்தில் கரிமை தொட்டு, வேறொரு தாளில் ஒருமுறை ஒற்றிவிட்டு, லேசாக ஒற்றிக்கொண்டே போனேன். கறுப்புக்கு நடுவே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து வெள்ளையாக எழுந்து வந்தது. கடைசி வரியில் 'பட்டான் கல்' என்று தெளிவாகவே இருந்தது. வாசித்துக் காட்டி, 'பட்டான்' என்றால் சண்டையில் மாண்டான் என்று பொருள் சொன்னேன்.

"அப்ப இவரு சண்டையில செத்தவரா?" என்று கேட்டுவிட்டு, பூசாரி ஐயா கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். செங்கம் வட்டாரத்து எடுத்தனூர்க் கல்லைப் பற்றிச் சொன்னேன். பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் எருமைகளைக் காக்கப் போய் மாண்டவனோடு, கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயையும் அதில் பெயர் சொல்லிப் பொறித்திருக்கிறார்கள். அரசர்களின் புகழைப் பாடும் மெய்க்கீர்த்திகளைவிட எனக்கு இந்தக் கற்கள்தான் நெருக்கம்.

நடுவில் சில எழுத்துகள் பொரிந்துபோயிருக்கின்றன. சாய்வெளிச்சத்தில் படமெடுத்துப் படியோடு ஒப்பிட்டுத்தான் அவற்றைப் படிக்க வேண்டும். இன்னொரு படி எடுத்து ஊருக்கே கொடுக்கப்போகிறோம். கோயிலில் அதை எங்கே மாட்டுவது என்று பூசாரி ஐயா இடம்கூடப் பார்த்துவிட்டார்.