பக்கத்துக் காட்டுப் பீர்க்கங்காய்

உழவர் சந்தையில் கடை போட அட்டை கேட்டு எழுதிப் போட்டவர்களின் தோட்டத்தைச் சரிபார்க்கப் போகும்போது, காகிதத்தைவிடக் காட்டைத்தான் நம்புவேன். சிட்டா, அடங்கல் என்று நிலத்துக்கும் பயிருக்குமான காகிதமெல்லாம் சரியாக இருக்கும். நேரில் போனால் காய்கறி என்று எழுதிய இடத்தில் சோளத்தட்டு நிற்கும். ஒரு அக்கா விஷயத்தில் காகிதமும் சரி, காடும் சரி. முப்பது சென்ட். பாதி கத்தரி, பாதி வெண்டை, வரப்போரம் முருங்கை. சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை மாட்டி, முழுக்கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டு வெண்டை ஒடித்துக்கொண்டிருந்தார். இல்லாவிட்டால் சுணை பட்டுக் கை அரித்துவிடும். ஒரு பறிப்புக்கு எவ்வளவு வரும் என்று கேட்டேன். அவர் சொன்ன கணக்கு செடியைப் பார்த்து நான் போட்ட கணக்கோடு ஒத்துப்போனது. கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி.

அப்போது அவராகவே வேலிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார்.

"அந்தப் பந்தல்ல இருக்கற பீர்க்கங்காயையும் ஒரு பை சேத்து எடுத்துட்டு வந்துருவேனுங் அம்மிணி. அந்த ஆத்தாளுக்கு இடுப்பு முடியறதில்ல. கூட மாட ஆளும் இல்ல."

"உங்க தோட்டத்துல விளைஞ்சது மட்டுந்தான் அக்கா கொண்டு வரலாம்."

"ஏனுங், அந்த ஆத்தா வெவசாயி இல்லீங்களா?"

அவங்க பேரில் அட்டை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் கடையில் அவங்களோ வீட்டு ஆளோ இருக்கணும் என்றேன். இருட்டோடு கிளம்பி பஸ் பிடித்து, மதியம் வரை தரையில் உட்கார முடியாத ஒருவரைப் பற்றித்தான் அப்படிச் சொன்னேன். மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார்களாம். அக்கா மேற்கொண்டு வாதாடவில்லை. "செரிங்" என்றார். படிவத்தில் கத்தரி, வெண்டை, முருங்கை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

விதி சரியான விதி. இதை மனதாரச் சொல்கிறேன். 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தையைத் திறந்ததே இடையில் ஆள் இல்லாமல் விற்பதற்குத்தான். கடைக்கு வாடகை இல்லை, தராசு சும்மா கிடைக்கிறது, விலை காலையில் பலகையில் ஏறிவிடுகிறது. மொத்த விலையைவிட இருபது சதவீதம்போலக் கூட, வெளிக்கடையைவிடப் பதினைந்து சதவீதம்போலக் குறைவு. இந்த நடுவிலுள்ள லாபத்துக்காகத்தான் வியாபாரிகள் அட்டை தேடி அலைகிறார்கள். அவர்களும் "பக்கத்துக் காட்டுக்காரருக்கு வித்துக் குடுக்கறேன்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். இன்றைக்கு ஒரு பை, அடுத்த மாதம் நாலு மூட்டை. நிஜமாக விளைவித்தவர் கொண்டுவந்த காய், மண்டியில் எடுத்துவந்த காய்க்குப் பக்கத்தில் விலைபோகாமல் வாடிக் கிடப்பதைப் பார்த்த யாரும் இந்த விதியைத் தளர்த்தச் சொல்ல மாட்டார்கள்.

ஆனாலும், அந்த ஆத்தாவுக்கு என்ன கொடுப்பீர்கள் என்று அக்காவிடம் கேட்டிருந்தேன். "வித்த காசு அப்புடியே. என்ற பையோட பையா வருது, அதுக்கென்ன கூலி?" என்றார். முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிறவர் இல்லை. பொய் சொல்கிறவராக இருந்தால் பீர்க்கங்காய்ப் பேச்சையே எடுத்திருக்க மாட்டாரே. முகத்தை எந்தப் பத்தியில் எழுதுவது? எழுதினாலும் அடுத்த தோட்டத்தில் இன்னொரு முகம் வரும், அதையும் நம்பியாக வேண்டும்.

அதே வாரம் ஒருவருக்கு மறுபேச்சு இல்லாமல் அட்டைக்குப் பரிந்துரைத்தேன். கிணறு, சொட்டுநீர், இரண்டு ஏக்கர் தக்காளி, குறை சொல்ல ஒன்றுமில்லை. அதன்பின் சந்தையில் அவர் கடையைக் கடக்கும்போதெல்லாம் நின்று பார்க்கிறேன். ஒரு தோட்டத்துப் பறிப்பில் சிறிசும் பெரிசும், காம்போரம் பச்சை விட்டதும் கலந்துதான் இருக்கும். அவர் பெட்டியில் பொறுக்கி எடுத்ததுபோல ஒரே அளவு. தோட்டத்திலேயே தரம் பிரித்திருக்கலாம், செய்கிறவர்கள் உண்டு. அட்டையில் தக்காளி இருக்கிறது, நிலத்தில் தக்காளி நிற்கிறது. என்னால் கேட்க முடிந்தது அவ்வளவுதான்.

மேலதிகாரியிடம் அக்கா விஷயத்தைச் சொன்னேன். சரியாகத்தான் செய்திருக்கிறாய், குழுவாகச் சேர்ந்தால் வேறு வழி பார்க்கலாம் என்றார். குழு என்றால் கூட்டம், தீர்மானம், வங்கிக் கணக்கு. ஒரு பை பீர்க்கங்காய்க்கு யார் அதையெல்லாம் செய்வார்கள்? செய்தால் நல்லதுதான் என்றும் தோன்றுகிறது.

இப்போதும் தோட்டம் பார்க்கப் போனால் "வேற யார் காயாச்சும் கொண்டு வருவீங்களா?" என்று கேட்கிறேன். கேட்காமல் விட முடியாது. மழுப்புகிறவர்களை அப்புறம் சந்தையில் கண்காணித்துக்கொள்ளலாம். நேராகப் பதில் சொல்கிறவர்களிடம்தான் அடுத்து என்ன சொல்வதென்று ஒரு கணம் திணறுகிறேன்.

அக்கா இப்போது வாரத்தில் மூன்று நாள் வருகிறார். கத்தரியும் வெண்டையும் பத்து மணிக்குள் தீர்ந்துவிடுகிறது. பீர்க்கங்காய் என்ன ஆச்சு என்று ஒருநாள் கேட்டேன். டிவிஎஸ் எக்ஸெல்லில் ஒரு ஆள் தோட்டத்துக்கே வந்து எடுத்துக்கொள்கிறானாம். விலையும் அவன் சொல்கிறதுதான், எடையும் அவன் போடுகிறதுதான்.