வாடன் கடலில் ஒரு நடை

நெதர்லாந்தின் வடகோடியில், வாடன் கடலோரம் பீட்டர்பூரன் என்றொரு சிற்றூர். கடல் வற்றும் நேரம் பார்த்து, கடலடித் தரையில் நடப்பதற்கென்றே ஆட்கள் அங்கே வருகிறார்கள். முதல் நாள் எங்களை இறங்க விடவில்லை. வடமேற்குக் காற்று அடித்தால் தண்ணீரைக் கரைப்பக்கம் தள்ளி வைத்துவிடும், வற்ற வேண்டிய நேரத்திலும் சரியாக வற்றாது என்றார் வழிகாட்டி. இரவு வெகுநேரம் கழித்துத்தான் காற்று அடங்கியது.

மறுநாள் கரையணையைத் தாண்டி, உப்புப் புல்வெளியையும் கடந்ததும் சேறு. முதல் அடியிலேயே முழங்கால்வரை இறங்கியது. அரை மணி நேரம் தள்ளாடி நடந்த பிறகு தரை கெட்டிப்பட்டு மணலானது. நமக்குப் பழகிய கடற்கரையில் கரையில்தானே மணல்? இங்கே ஏன் தலைகீழ்?

ஓதம், அதாவது கடல் ஏறி வற்றும் அசைவு, ஏறும்போது வண்டலைச் சுமந்து வருகிறது. ஏற்றம் முடியும் தறுவாயில் ஓட்டம் தளர்கிறது. மணல் முன்பே விழுந்துவிடும். வண்டல் மிகச் சன்னம், இறங்கிக்கொண்டே இன்னும் கொஞ்ச தூரம் கரைப்பக்கம் போய்ப் படிகிறது. படிந்ததைக் கிளப்ப, படியவிட்ட ஓட்டத்தைவிட வலுவான ஓட்டம் வேண்டும். வற்றத்தில் அந்த வலு சேர்வதற்குள் தண்ணீர் விலகிவிடுகிறது. ஒவ்வொரு ஓதத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக வண்டல் கரைக்கு நகர்வது இப்படித்தான். இதே கடலை வைத்து, நிலவியலாளர்கள் வான் ஸ்ட்ராட்டனும் குனெனும் 1957இல் இதை விளக்கி எழுதினார்கள்.

ஆனால் காற்று எழுந்தால் கதை மாறிவிடும். ஆழக்கடலில் அலையின் அசைவு அடிவரை எட்டாது. முழங்கால் ஆழத்தில் சாண் உயர அலைகூடத் தரையைத் தொட்டுக் கலக்கும். கலக்குவது அலை, கொண்டுபோவது ஓட்டம். பல வாரம் அமைதியாகச் சேர்ந்ததை ஒரே புயல் அள்ளிப் போய்விடலாம்.

மணலில் குந்தி அலைவரிகளைத் தடவிப் பார்த்தேன். ஓடை ஓரத்தில் வரியின் ஒரு பக்கம் சாய்வு, மறுபக்கம் செங்குத்து: ஓட்டம் போட்டது. பத்தடி தள்ளி இருபக்கமும் ஒரே சாய்வு, உச்சி கூர்மை: அலை போட்டது. அவை வடமேற்குக்குக் குறுக்காகவே ஓடின. நேற்று எங்களைத் தடுத்த காற்று விட்டுப்போன தடம். எனக்குச் சிலிர்த்துவிட்டது.

2009இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இடம் இது. எனக்கு அங்கே மிகவும் பிடித்தது ஒரு சுள்ளி வேலி. இரண்டு வரிசை மரக்கட்டைகளை நட்டு, நடுவே சுள்ளிகளை அடைத்திருந்தார்கள். அலையின் வேகத்தை உடைத்து வண்டலைப் படியவைக்க, அந்தக் கரையோரத்தில் கையாண்ட வழி. வேலிக்கு உட்புறச் சேற்றின்மேல் பழுப்பாக ஒரு படலம். கண்ணுக்குத் தெரியாத பாசிகள் பசைபோல வண்டலைப் பிடித்துவைத்திருக்கின்றன. விரலால் தொட்டேன், பாலாடைபோலச் சுருங்கி வந்தது.

திரும்பிப் பார்த்தபோது ஓடையில் தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது, கலங்கலாக.