கை கழுவ 21 படி

கல்லூரியில் சேர்ந்து ஆறு வாரம் ஆகிறது. "எப்படிப் போகுது?" என்று கேட்கிறவர்களிடம் "நல்லா போகுது" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறேன், ஏனென்றால் உள்ளதைச் சொல்லப் போனால் கை கழுவுவதில் இருந்து ஆரம்பிக்க வேண்டும், பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு அதைச் சொல்ல முடியாது.

முதலில் கொஞ்சம் முன்கதை. நான் இடைநிலை ஆசிரியர் பயிற்சி முடித்தவள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்தபோதுதான் 2012இல் தகுதித்தேர்வு வந்தது. அந்த ஜூலையில் நடந்த முதல் தேர்வில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை, தேறாத பெருங்கூட்டத்தில் நானும் ஒருத்தி. அப்புறம் கல்யாணம், மகள், தொலைதூரக் கல்வியில் பி.ஏ. தமிழ், பக்கத்து ஊரில் ஒரு தனியார் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்கு ஒன்பது வருடம். இப்போது 37 வயதில் பி.எட். சிறப்புக் கல்வி, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தருவதற்கான படிப்பு. அம்பாசமுத்திரத்திலிருந்து தினமும் திருநெல்வேலிக்கு பஸ்.

அம்மாவுக்கு இது இன்னும் பிடிபடவில்லை. "ஏட்டி, அதான் டீச்சருக்குப் படிச்சாச்சுல்லா, திரும்ப எதுக்கு டீச்சருக்குப் படிக்க?" என்கிறாள். இது வேறு பி.எட்., இதற்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் என்று தனி அமைப்பு, 1992ஆம் வருடச் சட்டப்படி இயங்குவது, இரண்டு வருடம் படித்து முடித்து அவர்களுடைய பதிவேட்டில் எண் வாங்கினால்தான் சிறப்பாசிரியராக வேலை பார்க்க முடியும் என்றெல்லாம் விளக்கினேன். கடைசிவரை கேட்டுவிட்டு "சம்பளம் எவ்வளவு வரும்?" என்றாள். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அரசுப் பள்ளிகளுக்கு வட்டார வள மையத்திலிருந்து போய்வரும் சிறப்பாசிரியர்களில் பெரும்பாலோர் பல வருடமாகத் தொகுப்பூதியத்தில்தான் இருக்கிறார்கள். தொடக்கப் பள்ளியில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று 2022இல் மத்திய அரசு அறிவிக்கை போட்டிருக்கிறது. போட்டிருக்கிறது, அவ்வளவுதான். அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை.

சரி, கை கழுவும் கதைக்கு வருகிறேன்.

முதல் வாரமே மேடம் ஒரு சோப்பும் துண்டும் எடுத்துக்கொண்டு வந்தார். "கை கழுவுறதைப் படிப்படியா எழுதுங்க" என்றார். இரண்டு நிமிட வேலை. என்னுடையது ஆறு படி, பக்கத்தில் இருந்த பெண் எட்டு எழுதியிருந்தாள் (அவளுக்கு 22 வயது, முதல் நாள் என்னை ஆன்ட்டி என்று கூப்பிட்டு, நான் பார்த்த பார்வையில் அக்காவுக்கு மாறியவள்). மேடம் எல்லோரையும் வராந்தா குழாயடிக்குக் கூட்டிப் போனார். என் தாளை என் கையிலேயே கொடுத்து, "நீங்க வாசிங்க, எழுதியிருக்கிறதை மட்டும் நான் செய்றேன்" என்றார்.

"தண்ணியில கையைக் காட்டு" என்று வாசித்தேன். அவர் குழாயைப் பார்த்து உள்ளங்கையை விரித்துக் காட்டினார், போலீஸ்காரர் வண்டியை நிறுத்துகிற மாதிரி. குழாய் திறக்கவே இல்லை, நான் எழுதவில்லையே. சிரிப்பு அடங்கியதும் "சோப்பு போடு" என்றேன். சோப்பைத் தரையில் போட்டார்.

அன்றைக்கு மதியம் வரை உட்கார்ந்து எல்லோரும் சேர்ந்து எழுதினோம். குழாயருகே போய் நிற்பது, முழுக்கைச் சட்டையாக இருந்தால் மடித்துவிடுவது, எந்தக் கையால் திருகுவது, எந்தப் பக்கம், எவ்வளவு, சோப்பை எடுப்பது, நனைப்பது, தேய்ப்பது, திரும்ப வைப்பது... கடைசியில் 21 வந்தது. இதற்குச் செயல் பகுப்பாய்வு என்று பெயர். ஒரு குழந்தை எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்தால்தான் அடுத்த படியைச் சொல்லித்தர முடியும், "இவனுக்குக் கை கழுவவே தெரியலை" என்பது ஒரு தகவலே இல்லை என்றார் மேடம். இன்னொன்றும் சொன்னார், அதுதான் இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. சில பிள்ளைகளுக்குக் கடைசிப் படியிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமாம். முதல் 20ஐயும் நாம் கூடவே பிடித்துச் செய்துவிட்டு, துண்டில் துடைப்பதை மட்டும் அந்தப் பிள்ளையிடம் விடுவது. அது பழகியதும் கடைசி இரண்டு, அப்புறம் மூன்று. அப்படிச் செய்தால் முதல் நாளே அது ஒரு வேலையை முடித்த பிள்ளை ஆகிவிடுகிறது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவன் ஞாபகம் வந்தது. வராமல் இருக்குமா.

2015இல் என் மூன்றாம் வகுப்பில் இருந்தவன். அப்பாவுக்குப் பெட்டிக்கடை. கடையில் இருக்கிற ஒவ்வொன்றின் விலையும் தெரியும், 50 ரூபாய்க்கு மிச்சம் எவ்வளவு என்று எனக்கு முன்னால் சொல்லிவிடுவான், கதை சொன்னால் வகுப்பே வாய் பிளந்து கேட்கும். சொல்வதெழுதுதல் என்றால் மட்டும் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். 'குழந்தை'யைப் பத்துத் தடவை எழுதி வரச் சொன்னேன். நோட்டைத் திறந்தால் ஒரே பக்கத்தில் அந்தச் சொல் நான்கு விதமாக இருந்தது: 'குழைந்த', 'கழுந்தை', அப்புறம் வேறு ஏதோ, நடுவில் ஒன்று சரியாக. நான் என்ன நினைத்திருக்க வேண்டும்? பார்த்து எழுதும்போதே ஒரு பிள்ளைக்கு இப்படி மாறுகிறது என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று. நான் நினைத்தது திமிர் என்று. இன்னொரு பத்துத் தடவை எழுதச் சொன்னேன்.

வருடக் கடைசியில் பள்ளி நிர்வாகம் அவன் அப்பாவைக் கூப்பிட்டு வேறு பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளச் சொல்லி டி.சி. கொடுத்துவிட்டது. மார்க் பட்டியல் எழுதிக் கொடுத்தது நான். கை கழுவுவதற்கு அன்றைக்கு எங்களுக்கு ஒரே படிதான் தேவைப்பட்டது.

அவனுக்கு இருந்தது கற்றல் குறைபாடுதான் என்று இப்போது நான் அடித்துச் சொல்ல முடியாது, பரிசோதிக்காமல் அப்படிச் சொல்லவும் கூடாது. ஆனால் அப்போது நடைமுறையில் இருந்த 1995ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழே ஏழு வகைக் குறைபாடுதான், அந்த ஏழில் கற்றல் குறைபாடு கிடையாது. 2016 சட்டம் வந்தபோது 21 ஆக்கினார்கள், அதில் சேர்ந்தது. (மறுபடியும் 21. வேண்டுமென்று எழுதவில்லை.) சட்டத்திலேயே இல்லாததை நான் எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று ஒரு நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். நோட்டில் நான்கு விதமாக இருந்ததைப் பார்க்கச் சட்டம் எதற்கு?

கற்றல் குறைபாட்டுப் பிரிவில்தான் சேர நினைத்தேன், நான் சேர்ந்த இடத்தில் அது இல்லை, அறிவுசார் குறைபாடு எடுத்திருக்கிறேன். எந்தப் பிரிவாக இருந்தாலும் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கற்றுத்தருகிறார்கள். இப்போது பிரெயில், விரலால் தொட்டுப் படிக்கிற புள்ளி எழுத்து. பார்வையற்றோர் பள்ளியும் காது கேளாதோர் பள்ளியும் 1890களிலேயே தொடங்கிவிட்ட பாளையங்கோட்டைக்குப் பக்கத்திலேயே இத்தனை வருடம் இருந்துவிட்டு, பிரெயில் தாளை இப்போதுதான் முதல்முறையாகத் தொடுகிறேன்.

தமிழைப் பிரெயிலில் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. கால், கொம்பு, சுழி எதுவும் இல்லை. கு என்பது க, பிறகு உ. தை என்பது த, பிறகு ஐ, காதில் விழுகிற அதே வரிசையில். நாம் எழுதுகிற மாதிரி சங்கிலிக் கொம்பை முன்னால் போட்டுவிட்டு எழுத்தைப் பின்னால் போடுவது கிடையாது. மெய்யெழுத்துக்குத் தலையில் வைக்கிற புள்ளி மட்டும் எழுத்துக்கு முன்னாலேயே ஒரு தனிக் கட்டத்தில் வந்துவிடுகிறது. ஆக 'குழந்தை' ஏழு கட்டம். படிக்க அழகு. எழுதுவதுதான் பாடு: கட்டம் கட்டமாக ஓட்டை உள்ள பிரெயில் சிலேட்டில் கெட்டித் தாளைச் செருகி ஊசியால் குத்தும்போது வலமிருந்து இடமாக, ஒவ்வொரு எழுத்தையும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பிக் குத்த வேண்டும், தாளைப் புரட்டினால்தான் நேராக இருக்கும்.

ஏதாவது ஒரு சொல்லைப் பத்துத் தடவை எழுதிவரச் சொன்னார்கள். நேற்று ராத்திரி மகள் தூங்கியதும் உட்கார்ந்து 'குழந்தை' எழுதினேன். முக்கால் மணி நேரம். புரட்டிப் பார்த்தால் பத்தில் மூன்று சரி. மிச்சம் ஏழும் ஏழு விதம்.