ஒஸ்லோ – ஃப்ளோம் – பெர்கன்: ஐந்து டிக்கெட்டையும் நாமே எடுத்துப் போவது

நார்வேக்கு முதல்முறை போகிறவர்கள் 'நார்வே இன் எ நட்ஷெல்' பேக்கேஜைத்தான் முதலில் விசாரிப்பார்கள். அதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது ஐந்து பயணங்கள். ஒஸ்லோவிலிருந்து மிர்தால் வரை ரயில், மிர்தாலிலிருந்து ஃப்ளோமுக்கு இறங்கும் மலை ரயில், ஃப்ளோமிலிருந்து குட்வாங்கன் வரை கப்பல், அங்கிருந்து வோஸ் வரை பஸ், வோஸிலிருந்து பெர்கனுக்கு மறுபடி ரயில். வழிகாட்டி யாரும் கூட வரமாட்டார். ஐந்து டிக்கெட்டையும் தனித்தனியாக யாரும் வாங்கலாம். ஒரே நாளில் ஓடி முடிப்பதாக இருந்தால் பேக்கேஜே நிம்மதி. வழியில் ஒரு ராத்திரி தங்குவதாக இருந்தால் தனியாக எடுப்பதுதான் சரி. தங்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி.

பெயரில் முதல் குழப்பம் வரும். எழுத்தில் 'ஃப்ளாம்' போலத் தெரிந்தாலும், தலையில் குட்டி வட்டம் வைத்த அந்த 'ஏ' எழுத்துக்கு ஓகார ஒலி. ஃப்ளோம் என்று சொன்னால்தான் டிக்கெட் கவுன்டரில் புரியும்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் விசா வருவதற்கு முன் மலிவு ரயில் டிக்கெட்டில் கை வைக்க வேண்டாம்; பெரும்பாலும் பணம் திரும்ப வராது. நார்வேக்கு வேண்டியது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா; அதற்கு ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். முடிவு வர வழக்கமாக 15 நாள், இழுத்தால் 45 நாள் வரை போகும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். விண்ணப்பத்தோடு கொடுக்க, ரத்து செய்யக்கூடிய ஹோட்டல் புக்கிங் போதும்.

விசா கைக்கு வந்த பிறகு, டிக்கெட் எடுக்கும் வரிசைதான் முக்கியம். பலரும் ஒஸ்லோ ரயிலில் ஆரம்பித்துவிட்டு, கப்பல் நேரம் ஒத்துவராமல் மாட்டிக்கொள்கிறார்கள். கப்பல்தான் நாளுக்குச் சில தடவை மட்டும் கிளம்புவது. அதனால் முதலில் கப்பல் நேரத்தை முடிவு செய்யுங்கள், அடுத்து ஃப்ளோமில் அறை. ஊர் சின்னது, ஜூலையில் இடம் கிடைக்காது. கிடைக்காவிட்டால் பக்கத்து ஊரான அவுர்லாண்டில் தேடலாம், பஸ்ஸில் பத்து நிமிடம்தான்.

அதன் பிறகு ரயில். ஒஸ்லோ–மிர்தால், மிர்தால்–ஃப்ளோம் என்று இரண்டாக வாங்காமல், 'வீ' ரயில் நிறுவனத்தின் செயலியில் ஒஸ்லோ–ஃப்ளோம் என்றே தேடுங்கள். ஒரே டிக்கெட்டாக இருந்தால், முதல் ரயில் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் உங்களைக் கொண்டு சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. தனித்தனியாக வாங்கியிருந்தால் நஷ்டம் உங்களுக்கு. மிர்தால் என்பது மலைமேல் ஒரு ரயில் நிலையம், அவ்வளவுதான். கார் வரும் சாலை கிடையாது, டாக்ஸி கூப்பிட முடியாது. இரண்டு ரயிலுக்கும் நடுவே அரை மணியாவது இருக்கும்படி பாருங்கள்.

கோடையில் தண்டவாளப் பணி நடக்கும் நாட்களில் 'பஸ் ஃபோர் தோக்' என்று போட்டிருப்பார்கள். ரயிலுக்குப் பதில் பஸ் என்று அர்த்தம். டிக்கெட் வாங்கும் முன் அந்தத் தேதியை என்டூர் செயலியில் ஒருமுறை தட்டிப் பாருங்கள். ரயில், பஸ், படகு எல்லா நேரமும் அதில் ஒன்றாகக் கிடைக்கும்.

ஒஸ்லோவிலிருந்து போகும்போது இடப்பக்கச் சீட் நல்லது. 1,222 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஃபின்சே நிலையத்தை நெருங்கும்போது ஹார்டாங்கர் பனிப்பாறை அந்தப் பக்கம்தான் தெரியும்.

மிர்தாலில் இறங்கியதும் படம் எடுக்க நிற்காதீர்கள். கரும்பச்சை நிற ஃப்ளோம் ரயில் பக்கத்து நடைமேடையில் நிற்கும். மொத்தக் கூட்டமும் அதை நோக்கித்தான் போகும், ஜன்னலோரம் முந்துகிறவர்களுக்கே. எந்தப் பக்கம் உட்கார்வது என்று ரொம்ப யோசிக்க வேண்டாம். வழியில் மூன்று இடங்களில் ஆற்றையே சுரங்கத்தில் விட்டு, அதன் மேல் தண்டவாளத்தைக் கொண்டுபோயிருக்கிறார்கள், பாலம் கட்டவில்லை. அதனால் ஆறும் பள்ளத்தாக்கும் பக்கம் மாறிக்கொண்டே இருக்கும். 20 கிலோமீட்டரில் 20 சுரங்கம், 867 மீட்டரிலிருந்து கிட்டத்தட்டக் கடல் மட்டம் வரை இறக்கம், சுமார் ஒரு மணி நேரம். கோடையில் ஷோஸ் அருவியில் ஐந்து நிமிடம் நிறுத்துவார்கள். மரப்பலகை மேடையில் கால் வைத்ததுமே சாரல் அடித்து கேமரா லென்ஸ் நனைந்துவிடும். துடைக்க ஒரு துணியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ளோமில் சொகுசுக் கப்பல் நிற்கும் நாட்களில் மலை ரயில் நிரம்பி வழியும். எந்தத் தேதியில் எந்தக் கப்பல் என்று துறைமுகம் முன்கூட்டியே பட்டியல் வெளியிடும். சாயங்காலமானால் கப்பல்கள் போய்விடும், ஊர் அமைதியாகிவிடும். ராத்திரி தங்கச் சொல்வது இதற்காகத்தான்.

மறுநாள் காலைக் கப்பல். ரயில் நிலையத்திலிருந்து படகுத்துறை கூப்பிடு தூரம். குட்வாங்கன் வரை இரண்டு மணி நேரம். இதே இரண்டு ஊர்களுக்கு இடையே 11 கிலோமீட்டர் சுரங்கச் சாலை வழியாகப் பஸ் 20 நிமிடத்தில் போய்விடும். கப்பலைத் தவறவிட்டவர்களுக்கு அதுதான் மாற்று, ஆனால் நேரோய் ஃபியோர்டு, அதாவது செங்குத்து மலைகளுக்கு நடுவே நுழைந்திருக்கும் குறுகிய கடல் நீர்ப்பகுதி, கைவிட்டுப் போகும். 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம் அது. மிகக் குறுகிய இடத்தில் அகலம் சுமார் 250 மீட்டர். மேல்தளத்தில் ஜூலையிலும் குளிர்காற்று அடிக்கும், காதை மூடும் தொப்பி அவசியம்.

குட்வாங்கனில் பஸ் பெரும்பாலும் கப்பல் வருகையை ஒட்டிக் கிளம்பும். இறங்கியதும் கடைக்குள் நுழையாமல் நேரே நிறுத்தத்துக்குப் போங்கள். பழைய பயணக் குறிப்புகளில் ஸ்டால்ஹெய்ம் கொண்டை ஊசி வளைவுகள் வழியாகப் பஸ் இறங்கும் என்று இருக்கும்; பாறைச் சரிவுக்குப் பிறகு அந்தச் சாலையில் வண்டி விடுவதில்லை.

வோஸிலிருந்து பெர்கனுக்குத் தொலைதூர ரயிலில் மலிவு டிக்கெட் எடுத்து ஒரு நேரத்தில் கட்டிக்கொள்ள வேண்டாம். வட்டார ரயிலுக்கு ஒரே கட்டணம், எந்த வண்டியிலும் ஏறலாம், பஸ் தாமதமானாலும் கவலையில்லை. ஒன்றேகால் மணி நேரம். வலப்பக்கம் உட்கார்ந்தால் பாதி வழிக்கு மேல் ஃபியோர்டு கூடவே வரும். ஆர்னா நிலையம் என்று அறிவித்ததும் பெட்டியை மேல்தட்டிலிருந்து இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது ஏழரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளமான உல்ரிக்கன் சுரங்கம், அதை விட்டு வெளியே வந்தால் பெர்கன். அங்கே ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மழைக்கோட்டு பெட்டியின் அடியில் இல்லாமல் கையில் இருக்கட்டும்.