அரை டாலர் பாக்கெட்: ஒரு குளிர்கால நாட்குறிப்பு

2024 ஜனவரி 12, வெள்ளி

அலுவலகம் விட்டு வரும் வழியில் பேஸ்பால் வீரர்களின் படம் போட்ட பழைய அட்டைகள் விற்கும் கடைக்குள் நுழைந்தேன். வெளியே இருந்த குளிர்தான் உள்ளே தள்ளியது. வெளியே வரும்போது கையில் ஒரு பெட்டி. 1991ஆம் ஆண்டு டான்ரஸ் நிறுவனம் வெளியிட்ட அட்டைகள், முதல் தொகுதி. 36 பாக்கெட், இன்னும் பிரிக்காதவை. விலை 18 டாலர், அதாவது பாக்கெட் அரை டாலர்.

"இதற்குள் ஒன்றும் இருக்காது, தெரியுமல்லவா?" என்று கேட்டுவிட்டுத்தான் கடைக்காரர் பணத்தை வாங்கினார். விற்கிறவரே இப்படிச் சொல்லி விற்கும் சரக்கை நான் இதுவரை பார்த்ததில்லை. ஒன்றுமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அந்த ஆண்டுதான் டான்ரஸ் 'எலீட்' என்று எட்டு வீரர்களின் சிறப்பு அட்டைகளை அச்சிட்டு, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகளுக்கு எண் போட்டுப் பாக்கெட்டுகளுக்குள் தூவியது. ஆனால் அச்சான பாக்கெட்டுகளின் கடலில் அது பெருங்காயம் கரைத்த மாதிரி.

மனைவி பெட்டியைப் பார்த்தாள், பில்லைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. பதினெட்டு டாலருக்கு இவ்வளவு மௌனம் போதும் என்று நினைத்திருப்பாள்.

ஜனவரி 13, சனி

விதி வகுத்தாயிற்று. நாளுக்கு இரண்டு பாக்கெட், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. ஒன்று மகளுக்கு, ஒன்று எனக்கு. அவளுக்கு ஒன்பது வயது. அவசரப்பட்டுக் கிழிக்கக் கூடாது, பின்பக்க மடிப்பில் நகத்தை நுழைத்துப் பிரிக்க வேண்டும் என்று பாடம் நடத்தினேன். மெழுகு பூசிய தாள், சூட்டில் ஒட்டியது. முப்பத்து மூன்று ஆண்டுகளில் ஒட்டு இளகிப்போயிருந்தது. பாடம் தேவைப்படவில்லை, விரல் பட்டதும் திறந்துகொண்டது.

பழைய பள்ளிக்கூடத்து அலமாரியைத் திறந்தால் வரும் வாசனை. உள்ளே பதினைந்து அட்டைகள். நீல ஓரம், அதன்மேல் யாரோ தூரிகையை உதறியதுபோல் வண்ணக் கீற்றுகள். அழகு என்று சொல்ல மாட்டேன். 1991இல் எல்லாரும் இப்படித்தான் சட்டையும் போட்டார்கள்.

மகளுக்கு இந்த வீரர்களில் ஒருவரையும் தெரியாது. அணிவாரியாகப் பிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மீசைவாரியாகப் பிரித்தாள். மீசை இல்லாதவர், அரும்பு மீசை, ஊர் எல்லையில் அரிவாளோடு நிற்கும் சாமி மீசை என்று மூன்று அடுக்கு. மூன்றாவது அடுக்குதான் வேகமாக உயர்கிறது.

பாக்கெட்டுக்கு ஒன்று என்று பதினாறாவதாக வேறொரு அட்டையும் வந்தது. வெட்டுக் கோடு போட்ட மூன்று புதிர்த் துண்டுகள், பின்பக்கம் எண்கள். மொத்தம் 63 துண்டுகள், அப்படியானால் 21 அட்டை. சேர்த்தால் வில்லி ஸ்டார்ஜெல் படம். பெரும்பாலானவர்கள் இதைப் பார்க்காமலேயே குப்பையில் போட்டுவிடுவார்களாம். எங்கள் ஊரான பிட்ஸ்பர்க்கின் நாயகன் அவர், பைரேட்ஸ் அணிக்காக 475 ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி, பந்தை எல்லைக்கு வெளியே அனுப்புவது) அடித்தவர். எறிய மனம் வரவில்லை.

ஜனவரி 15, திங்கள்

பொங்கலும் மார்ட்டின் லூதர் கிங் நாளும் ஒன்றாக வந்ததால், இந்த நாட்டில் முதல்முறையாகப் பொங்கலுக்கு விடுப்பு கேட்காமல் வீட்டில் இருந்தேன். பனிக்கு நடுவே அடுப்பில் பால் பொங்கியது. மதியம் பாக்கெட்.

கடைக்காரர் இலவசமாகக் கொடுத்திருந்த, டாப்ஸ் என்ற இன்னொரு நிறுவனத்தின் 1991 பாக்கெட் ஒன்றையும் இன்று பிரித்தோம். அதில் பபிள் கம் இருந்தது. வெளிறிய இளஞ்சிவப்பில், மேலே மாவு படிந்து, விரலால் தொட்டதும் ஓட்டுத் துண்டுபோல் நொறுங்கியது. மகள் வாயில் போடப் பார்த்தாள், தட்டிவிட்டேன். கம்மோடு ஒட்டிக் கிடந்த அட்டையில் செவ்வகமாக ஒரு கறை. அந்தக் கறைப் புகார்களால்தான் அடுத்த ஆண்டு முதல் டாப்ஸ் கம்மையே நிறுத்தியது.

டான்ரஸில் கம் இல்லாமல் புதிர் இருப்பதற்கும் இந்த கம்தான் காரணம். பேஸ்பால் அட்டைச் சந்தை நெடுங்காலம் டாப்ஸ் ஒருவரின் கையில் இருந்தது. ஃபிளீர் நிறுவனம் வழக்குப் போட்டு 1980இல் வென்றது, 1981இல் ஃபிளீரும் டான்ரஸும் அட்டை போட்டன. அதே ஆண்டு மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறியது. டாப்ஸின் தனியுரிமை கம்மோடும் மிட்டாயோடும் சேர்த்து விற்கும் அட்டைக்குத்தான் என்று ஆயிற்று. சரி, கம் வேண்டாம் என்று ஃபிளீர் அணிச் சின்ன ஸ்டிக்கரை வைத்தது, டான்ரஸ் புதிரை வைத்தது. ஆக, நான் சேர்க்கத் தொடங்கியிருப்பது நீதிமன்றத்தில் பிறந்த ஒரு படம்.

டாப்ஸ் பாக்கெட்டில் கெவின் மாஸ் வந்தார். 1990இல் நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு வந்து, அதுவரை ஆடிய எவரைவிடவும் குறைந்த வாய்ப்புகளில், 72 முறை மட்டை பிடித்தே, பத்து ஹோம் ரன் அடித்தவர். அவர் அட்டையைப் பதுக்கியவர்கள் உண்டு. வாழ்நாள் கணக்கு 65 ஹோம் ரன்னோடு முடிந்தது. மகள் அவரை எந்த அடுக்கில் வைப்பது என்று நெடுநேரம் யோசித்தாள்.

ஜனவரி 18, வியாழன்

இரண்டு பாக்கெட், முப்பது அட்டை, ஒன்றுமில்லை. மீசை அடுக்கு சரிந்து விழுந்தது.

ஜனவரி 20, சனி

ஏன் இவை இவ்வளவு மலிவு என்று மகள் கேட்டாள். ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் பொருளாதாரத்தை எங்கிருந்து தொடங்குவது? என் அம்மாவிடமிருந்து தொடங்கினேன்.

சிறுவனாக இருந்தபோது தீப்பெட்டிப் படம் சேர்த்தேன். கோலி ஆடி வென்றது, தெருவில் பொறுக்கியது, மளிகைக் கடை அண்ணாச்சியிடம் கெஞ்சி வாங்கியது. ஒரு போகிக்கு அம்மா அத்தனையையும் பழைய பாயோடு சேர்த்து எரித்துவிட்டார். அமெரிக்க அம்மாக்களும் அப்படித்தான் இருந்திருக்கிறார்கள். 1952இல் டாப்ஸ் வெளியிட்ட அட்டைகளில் பலவற்றை அம்மாக்கள் குப்பையில் போட்டார்கள். விற்காமல் கிடங்கில் தேங்கியதை டாப்ஸ் நிறுவனமே 1960இல் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியது; வடிவமைத்த சை பெர்கரே சொன்ன கதை இது. மிஞ்சியதில், யாங்கீஸ் நாயகன் மிக்கி மேன்டிலின் அட்டை ஒன்று 2022இல் ஒரு கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது.

பழைய அட்டைகளின் விலை எண்பதுகளிலேயே ஏறத் தொடங்கியதைப் பார்த்த தலைமுறை, பிள்ளையின் கல்லூரிச் செலவுக்கு ஆகும் என்று பெட்டி பெட்டியாக வாங்கிப் பரணில் போட்டது. 1988இல் ஸ்கோர், 1989இல் அப்பர் டெக் என்று கம்பெனிகள் பெருகின. அச்சகம் ஓயவில்லை. இந்த முறை எந்த அம்மாவும் எறியவில்லை, எந்தக் கம்பெனியும் கடலில் கொட்டவில்லை. 1994 ஆகஸ்டில் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்து, ஆண்டின் இறுதிக் கோப்பைப் போட்டியான உலகத் தொடரே ரத்தானபோது ரசிகர்களும் வெறுத்துப்போனார்கள். அந்தக் காலச் சரக்குக்கு இங்கே 'ஜங்க் வாக்ஸ்' என்று பெயர், மெழுகுத்தாள் குப்பை.

"பாட்டி எரித்திருக்காவிட்டால் நாம் பணக்காரர்களா?" என்றாள் மகள். தீப்பெட்டிப் படத்துக்கு அப்படியெல்லாம் கிடைக்காது என்றேன். ஆனாலும் இரவு அம்மாவிடம் போனில் பேசும்போது அந்தப் பேச்சை எடுத்தேன். அவருக்கு நினைவே இல்லை. எனக்குத்தான் புகைகூட நினைவிருக்கிறது.

ஜனவரி 21, ஞாயிறு

பக்கத்து வீட்டுப் பெரியவர் பனி வாருவதற்கு உப்பு கேட்டு வந்தார். எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர், பிறந்தது முதல் இந்த ஊர்தான். மேசையில் பரப்பியிருந்த புதிர்த் துண்டுகளைப் பார்த்ததும் உப்பை மறந்தார், நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ஹில் பகுதியில் ஸ்டார்ஜெல் ஒரு கோழிக் கடை வைத்திருந்தாராம். அவர் ஹோம் ரன் அடிக்கிற நேரத்தில் கடையில் ஆர்டர் கொடுத்துக்கொண்டிருப்பவர்களுக்குக் கோழி இலவசம். வானொலியில் வர்ணனையாளர் பாப் பிரின்ஸ், பந்து எல்லையைத் தாண்டியதும் அந்தக் கோழியைச் சொல்லியே கூவுவாராம். இவரும் நண்பர்களும் சில நாள் வரிசையின் கடைசியில் நின்று, முன்னால் நிற்பவர்களுக்கு வழிவிட்டு நேரம் கடத்தியிருக்கிறார்கள். "ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை" என்றார். அரை நூற்றாண்டு கழித்தும் அந்தக் கோழி குரலில் இருந்தது.

அணியில் நன்றாக ஆடியவர்களின் தொப்பியில் தைத்துக்கொள்ள ஸ்டார்ஜெல் தங்க நட்சத்திரங்கள் கொடுப்பாராம். 1979இல் உலகத் தொடரை வென்ற அணியின் தொப்பிகள் முழுக்க அந்த நட்சத்திரங்கள். அவருக்கு அப்போது 39 வயது, தொடரின் சிறந்த வீரரும் அவர்தான்.

இன்றைய பாக்கெட்டைப் பெரியவரையே பிரிக்கச் சொன்னோம். கண்ணாடியைக் கழற்றி, அட்டையை மூக்கருகே வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான்காவதாக வந்தது பேரி பாண்ட்ஸ், ஓவியர் டிக் பெரெஸ் வரைந்த 'டைமண்ட் கிங்' அட்டை. பெரியவர் பேசாமல் அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். 1992 அக்டோபரில் அட்லாண்டாவில் லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம், கடைசிப் பந்து அப்போது பைரேட்ஸுக்கு ஆடிய பாண்ட்ஸ் கைக்கு வருகிறது, எறிகிறார், அதற்குள் எதிரணியின் சிட் பிரீம் சறுக்கி வந்து தளத்தைத் தொட்டுவிடுகிறார், பைரேட்ஸ் தோற்றது. பாண்ட்ஸ் அந்த ஆண்டோடு சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய்விட்டார். அதன்பின் பைரேட்ஸ் வரிசையாக இருபது ஆண்டுகள் தோற்ற ஆட்டங்களே அதிகம். பாண்ட்ஸின் 762 ஹோம் ரன்னெல்லாம் இந்தப் பெரியவரிடம் எடுபடாது.

உப்பை எடுக்காமலே போனார். பிறகு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஜனவரி 27, சனி

பாக்கெட்டின் ஓரத்தில் இருக்கும் அட்டையில் மெழுகு படிந்துவிடுகிறது. வெளிச்சத்தில் சாய்த்தால் நத்தை ஊர்ந்த தடம்போல் தெரியும். நைலான் காலுறையால் மெதுவாகத் தேய்த்தால் போகும் என்று சேகரிப்பவர்கள் சொல்வார்கள். மனைவியின் பழைய காலுறை ஒன்றைக் கேட்டேன். "பதினெட்டு டாலரோடு முடியவில்லையா?" என்றபடி கொடுத்தாள். ஐந்தாறு தேய்ப்பில் மெழுகு போனது, பளபளப்பு திரும்பியது. மறுபடி பார்த்தால் மகள் கையில் காலுறை, அவள் மீசைக்காரர்களுக்கெல்லாம் முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சென்ட்கூடப் பெறாத அட்டைக்கு இவ்வளவு உபசாரம்.

பிப்ரவரி 2, வெள்ளி

காலையில், வசந்தம் எப்போது வரும் என்று குறி சொல்லும் பிராணியான பங்க்சுடானி ஊரின் கிரவுண்ட்ஹாக் தன் நிழலைப் பார்க்கவில்லை, வசந்தம் சீக்கிரம் வருமாம். மாலையில் கடைசி இரண்டு பாக்கெட்.

மொத்தம் 540 அட்டை. எலீட் வரவில்லை. அந்தக் காலத்து நட்சத்திரம் கென் கிரிஃபி ஜூனியர் வந்தார், ஓரம் மழுங்கி. பெட்டியை அப்படியே விற்றால் கொடுத்த 18 டாலர்கூடத் தேறாது. எனக்கு இதில் துளியும் வருத்தமில்லை, அது கொஞ்சம் வியப்பாகக்கூட இருக்கிறது. புதிய பாக்கெட்டுகளை நூறும் இருநூறும் கொடுத்து வாங்கிப் பிரிப்பவர்களைக் கடையில் பார்த்திருக்கிறேன். விரல் நடுங்கும், கண் வீரரின் முகத்தில் நிற்காது, விலை உள்ள அட்டையைத் தேடி ஓடும். எங்களுக்கு அந்தக் கவலை இல்லாததால் பின்பக்கப் புள்ளிவிவரம் வரை படித்தோம். பத்து ஆண்டு ஆடிய ஒரு பந்துவீச்சாளர் எட்டு அணி மாறியிருந்தார். பாவம், வீட்டுச் சாமான் எத்தனை முறை கட்டியிருப்பார் என்றாள் மனைவி. அவளும் படிக்கத் தொடங்கியது எப்போது என்று கவனிக்கவில்லை.

புதிர்க் கணக்கு: 36 அட்டையில் 17 வகை. 31-33 மட்டும் ஐந்து முறை வந்தது. இல்லாதவை நான்கு: 4-6, 22-24, 40-42, 58-60.

பிப்ரவரி 10, சனி

முழுப் புதிரும் இணையத்தில் சில டாலருக்குக் கிடைக்கிறது. வேண்டாம் என்று நானும் மகளும் ஒரே குரலில் சொன்னோம். கடைக்காரரிடம் போய்க் கேட்டோம். கல்லாவுக்குக் கீழிருந்து ஒரு காலணிப் பெட்டியை இழுத்துக் கொடுத்தார். முழுக்கப் புதிர் அட்டைகள். கிளெமென்டே, மியூசியல், ஸ்பான், யாஸ்ட்ரெம்ஸ்கி என்று டான்ரஸ் ஆண்டுக்கொருவரைத் துண்டுபோட்டு அனுப்பியவர்கள் எல்லாரும் கலந்து கிடந்தார்கள். தரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் தேடினோம். 4-6 கிடைத்தது. 58-60 மூலை மடங்கிக் கிடைத்தது. மற்ற இரண்டும் இல்லை. காசு எவ்வளவு என்றதற்குக் கையை அசைத்தார்.

மார்ச் 9, சனி

மழை விட்டதும் பைரேட்ஸின் பிஎன்சி பார்க் மைதானம் வரை போய்வந்தோம். ஃபெடரல் தெரு வாசலில் ஸ்டார்ஜெல் சிலை, மட்டையோடு. 2001 ஏப்ரல் 7 அன்று திறந்தார்கள். இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 9 அன்று, அந்த மைதானத்தில் முதல் லீக் ஆட்டம் தொடங்கவிருந்த நாளின் விடியலில் அவர் காலமானார். மகள் சிலையைச் சுற்றி வந்து, எங்கள் புதிரில் விட்டுப்போன இடம் இதில் எங்கே இருக்கும் என்று விரலால் காற்றில் கட்டம் போட்டுப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் 19 அட்டைகளையும் பிரித்துத் துண்டுகளை அட்டைப் பலகையில் ஒட்டினாள். நடுப்பகுதியில் இரண்டு நீளமான ஓட்டைகள். பள்ளியில் வீட்டுப்பாடத்துக்குக் கொடுக்கும் தங்க நட்சத்திர ஸ்டிக்கரை அவற்றில் வரிசையாக ஒட்டிவிட்டு, பெரியவரிடம் காட்ட ஓடினாள். திரும்பி வரும்போது பலகை இல்லை. அவர் தன் வரவேற்பறைச் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருக்கிறாராம்.

இரண்டாம் தொகுதிக்குப் பச்சை ஓரம். கடையில் ஒரு பெட்டி இருக்கிறது, 16 டாலர். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.